ஆளு தெரியுதுங்க

அவர் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்த்துப் பேசியிருக்கிறோம். அவர் மகள் பிளஸ் டூவில் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டாள் என்று தெரியும், காங்கேயத்தில் இருக்கும் அவர் மாமனாரின் கோபம் எப்படிப்பட்டது என்று தெரியும், பெயர் மட்டும் தெரியாது. அந்த இடத்தில் பெயர் கேட்கும் வழக்கம் இல்லை. போன் நம்பரும் கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும். திருப்பூரில் இருந்தது. ஒரு கட்டைச் சுவரும் நாலைந்து மரங்களும் இருந்தன என்று வேண்டுமானால் சொல்கிறேன். சுவரும் மரமும் உள்ள இடம் எங்கள் ஊரில் நூறு இருக்கும், தேடிக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைப் பகலில் அங்கே ஆண்கள் ஆண்களைத் தேடி வருவார்கள். ஒருவர் நடப்பார், ஒருவர் சும்மா நிற்பார், ஒருவர் செல்போனில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். கேள்வியும் கண்ணால்தான், பதிலும் கண்ணால்தான். பிடித்திருந்தால் சேர்ந்து நடந்து போவார்கள். பிடிக்காவிட்டால் மணி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாதிப் பேர் வருவது வெறுமனே பேசிக்கொண்டிருக்கத்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. முதலில் நானும் நம்பவில்லை.

நான் போனது ஆராய்ச்சிக்கு. அப்படித்தான் வீட்டில் சொன்னேன், என் வழிகாட்டியான பேராசிரியையிடம் சொன்னேன், அங்கே வந்தவர்களிடமும் சொன்னேன். கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தொழில் நகரத்தில் பொதுவெளியும் தன்பாலீர்ப்பும் என்பது தலைப்பு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் நோட்டு, பையில் கேள்விப் பட்டியல் என்று மாப்பிள்ளை கணக்காய்ப் போய் நின்றேன். என்னைக் கண்டதும் ஆட்கள் கலைந்தார்கள். மூன்று வாரம் மரங்களைத்தான் பேட்டி எடுத்தேன்.

நான்காவது வாரம் இவர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு, நரையை மறைக்காத மீசை. வணக்கம் எல்லாம் சொல்லவில்லை. நேராக வந்து நான் போட்டிருந்த டீ-ஷர்ட்டின் கீழ் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தையலு தாண்டியிருக்குதுங்க. எங்க எடுத்தீங்க?"

"ரோட்டோரக் கடையிலண்ணே."

"அண்ணேங்கறீங்க, தெக்கத்தி ஆளுங்களா?"

"அப்பா அம்மா கோவில்பட்டிப் பக்கம். நான் பொறந்ததே இங்கதான்."

"சரி, சரி. மொதல்ல அந்தக் கார்டைக் கழட்டிப் பைக்குள்ள போடுங்க கண்ணு. பேரு, போட்டோ, எந்தக் காலேஜு, அத்தனையும் தொங்குது. உங்களுக்கே பயமில்லீன்னா மத்தவிய உங்களை நம்பி எப்படிங்க பேசுவாங்க?"

அவர் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். தைத்து வரும் உருப்படிகளை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே என்று பார்த்து, குறை உள்ள இடத்தில் சிறிய சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் திரும்பத் தையலுக்குப் போகும். அதற்கு ஆல்டர் என்று பெயர். செக்கிங்கில் பெண்கள்தான் அதிகம். இவர் அந்த அக்காமார்களுக்கு நடுவே முப்பது வருடமாக நின்றுகொண்டிருந்தார். கண் அதற்கே பழகிவிட்டது. யாரோடு பேசினாலும் பார்வை முதலில் தோள்பட்டைத் தையலுக்குப் போகும், அப்புறம் கழுத்துப் பட்டிக்கு, அதற்குப் பிறகுதான் முகத்துக்கு.

ஞாயிறு காலையில் ஆட்டுக்கறி எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டு அங்கே வருவார். கறி வேகும் நேரம்தான் அவருக்கு வெளியில் இருக்கும் நேரம். "ஊட்டுக்காரி விசில எண்ணிட்டு இருப்பா, நா இங்க ஆளுங்கள எண்ணிட்டு இருப்பேன்" என்று சிரிப்பார். ஒன்றரை மணிக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டார். அவர் யாரோடும் சேர்ந்து நடந்து போய் நான் பார்த்தது இரண்டே தடவை. மற்ற நாள் எல்லாம் சுவரில் உட்கார்ந்து, வருகிறவர்களைச் செக்கிங் செய்வதுதான் வேலை. கம்பெனி பெயர் போட்ட பையோடு வந்தால், "பையத் திருப்பிப் புடிங்க" என்பார். ஹெல்மெட்டில் பெயர் எழுதியிருந்தால், "வண்டிலயே மாட்டிட்டு வாங்க." பின்னால் தையற்கடைப் பெயர் ஒட்டிய வண்டியோடு ஒருவர் வந்துவிட்டார். அன்று இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "ஏனுங்க, நோட்டீஸ் அடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கலாமுல்ல?"

எனக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. "சட்டம்தான் மாறிப்போச்சேண்ணே, இது குத்தமே இல்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு" என்றேன்.

"சட்டம் டெல்லீல மாறுச்சுங்க. எங்க மாமனாரு காங்கேயத்துல இருக்கறாரு" என்றார்.

ஆறேழு மாதம் கழித்து நடந்தது ஒன்று. குன்னத்தூர்க்காரர், ஓவர்லாக் மிஷின் ஓட்டும் டெய்லர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அங்கே வந்து போனவரை இரண்டு பேர் மறைந்திருந்து வீடியோ எடுத்து மிரட்டினார்கள். அவர் படியவில்லை. வீடியோ அவர் வேலை பார்த்த கம்பெனி ஆட்களின் போனுக்கெல்லாம் போய்விட்டது. திங்கட்கிழமை டீ பிரேக்குக்குள் தையல் லைன் முழுக்கத் தெரிந்துபோனது. வியாழக்கிழமை ஆள் ஊரிலேயே இல்லை. எங்கே போனார் என்று அவர் மனைவிக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது என்றுதான் கேள்வி.

"மூஞ்சியே தெரியலீங்க கண்ணு, அந்த வீடியோவுல" என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "முதுகுதான் தெரியுது. தீவாளிக்குக் கம்பெனில குடுத்த சட்டை. பொறவு அந்த லைன்ல ஒசரமா இருக்கறது அவரு ஒருத்தருதான். அவ்வளவுதானுங்க, ஆளு தெரிஞ்சு போச்சு. வந்தப்ப நா பாத்தேன். சொல்லோணும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க ஏதோ கேள்வி கேட்டீங்க, உட்டுட்டேன்."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார், அவ்வளவுதான். அதற்கடுத்த வாரம் பஸ் ஏறி குன்னத்தூர் போய், அந்த வீட்டுக்கு எதிரே இருந்த கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் திரும்பி வந்திருக்கிறார். "சின்னவன் முட்டாயி வாங்க வந்தானுங்க. அப்படியே அப்பன் மூக்கு" என்றார்.

நான் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டும் பழக்கம் இதற்குப் பிறகுதான் வந்தது. அவரே கேட்டார். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தது. பக்கங்களைச் சுவரில் பரப்பி, மேலே கல் வைத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லுவேன். கோட்பாட்டு அத்தியாயத்தை அவர் பொறுமையாகக் கேட்டதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"பொதுவெளி என்பது முன்கூட்டியே இருக்கும் ஒன்றல்ல, அதில் புழங்குகிறவர்களே அதை ஒவ்வொரு முறையும் உண்டாக்குகிறார்கள்" என்று ஒரு வாக்கியம். நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது.

"அப்படீன்னா?"

"நீங்கல்லாம் வந்தாத்தான் இது இடம்ணே. வரலைன்னா வெறும் சுவரு."

"இதக் கண்டுபுடிக்கறதுக்கா மூணு வருசம் படிச்சீங்க?"

அப்புறம் அவரே சொன்னார்: "ஊட்டுல அஞ்சு பேருங்க. ஒரே ரூமு. மேன்சன்ல இருக்கற பசங்க ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு, ஷிப்டு மாத்தித் தூங்கறாங்க. கதவச் சாத்துனா, எதுக்குச் சாத்தறேன்னு கேப்பாங்க. தனியா இருக்கோணும்னா கூட்டத்துக்குத்தானுங்க போவோணும்."

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பெரிய பெரிய புத்தகங்களைப் புரட்டி, பொதுவிடத்துக்கும் அந்தரங்கத்துக்கும் நடுவே கோடு எங்கே என்று இருபது பக்கம் குழப்பி வைத்திருந்தேன். மனிதர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அதை அப்படியே 'தகவலாளி ஏழு' சொன்னதாகச் சேர்த்தேன். பேராசிரியை பக்க ஓரத்தில் நட்சத்திரம் போட்டு அனுப்பினார். இவரிடம் சொன்னேன். "ஏழாம் நம்பரா? செக்கிங் டேபிள் நம்பர் மாதிரி நல்லாத்தான் இருக்குது" என்றார்.

ஆனால் ஆட்களைப் பற்றிய அத்தியாயம் வந்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து கம்பெனி ஸ்டிக்கர் சுருளை எடுத்தார். நான் படிக்கப் படிக்க, "நிறுத்துங்க, ஆளு தெரியுதுங்க" என்று ஓர் அம்பை உரித்துப் பக்கத்தில் ஒட்டுவார். பெயரை எல்லாம் நான் மாற்றித்தான் வைத்திருந்தேன். ஊர்ப் பெயரும் இல்லை. அப்படியும் பக்கத்துக்கு மூன்று அம்பு விழுந்தது.

"எங்கண்ணே தெரியுது?"

"நகத்துல எப்பவும் சாயம் இருக்கும்னு எழுதிருக்கீங்க. சரி, சாயப்பட்டறைல ஆயிரம் பேரு இருக்கறாங்க. அடுத்த வரியில, சிநேகிதருக்கு வாராவாரம் வெண்ணெ கொண்டாந்து குடுப்பாருன்னு எழுதிருக்கீங்க. வெண்ணெய்ன்னா ஊத்துக்குளி, பச்சக் கொழந்தையும் சொல்லிரும். ஊத்துக்குளில இருந்து ரயில்ல வந்து சாயப்பட்டறைல வேல பாக்கறவரு எத்தன பேரு இருப்பாங்க? ஆல்டர் போடுங்க. கடலைன்னு எழுதுங்க. கடலை எல்லா ஊர்லயும் வெளையுது."

வெண்ணெய் கடலை ஆனது. சாயம் போட்ட நகம் வெறும் நகம் ஆனது. பேராசிரியைக்கு எரிச்சல். "உன் மனிதர்கள் மாதத்திற்கு மாதம் மங்கிக்கொண்டே வருகிறார்களே" என்றார். அங்கேயும் திட்டு, இங்கேயும் திட்டு. ஒரு நாள் எனக்கும் பொறுக்காமல், "இப்படியே போனா ஆளே இல்லாத ஆய்வேடுதான் மிஞ்சும்ணே" என்று கத்திவிட்டேன்.

"இருக்கட்டுமுங்க. ஏட்டுல ஆளு இல்லாட்டி நட்டமில்ல. ஊட்டுல ஆளு இருக்கோணும்" என்றார்.

கடைசிப் பக்கம் வரை கேட்டுவிட்டு, தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டே ஒன்று சொன்னார். "எல்லாரும் எங்க நின்னாங்க, எப்படிப் பாத்தாங்கன்னு எழுதிருக்கீங்க. இத்தன பேரயும் பாத்துட்டு நின்னவரு எங்க நின்னாருன்னு எழுதலீங்களே."

"ஆராய்ச்சி பண்றவன் தன்னைப் பத்தி எழுதக் கூடாதுண்ணே" என்றேன்.

பச்சைப் பொய். எங்கள் துறையில் ஆய்வாளன் தன் நிலை என்ன என்று எழுதியே ஆக வேண்டும். அவருக்குப் படித்துக் காட்டாமல் ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். பனியன் தொழிலாளியின் மகன், இடம்பெயர்ந்து வந்த குடும்பம் என்றெல்லாம். உண்மைதான். அந்தச் சுவருக்கு என்னைக் கூட்டிவந்தது ஆராய்ச்சி மட்டுமல்ல என்பதை மட்டும் எழுதவில்லை. பதிவெண் கிடைப்பதற்கு ஒரு வருடம் முன்பே, அட்டையும் நோட்டும் இல்லாமல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அந்த மரங்களைப் பார்த்துவிட்டுப் பயந்து திரும்பியிருக்கிறேன். பலமுறை. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் என்னை நம்பியது போலவே தலையை ஆட்டிவிட்டு, கறி ஆறிவிடும் என்று கிளம்பினார்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு எல்லாரும் பார்க்க நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பெருமை தாங்காமல் அவரிடம் நாளைச் சொன்னேன். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வேலை நாளில் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாராவது பெரியப்பா என்று நினைத்திருப்பார்கள்.

வெளி மாநிலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர். தகவலாளி ஏழு சொன்னதை வாசித்துக் காட்டி, இந்த ஒரு வரிக்கே பட்டம் கொடுக்கலாம் என்றார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார். அப்புறம் தேர்வாளர் கேட்டார்: "இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், இடம் எங்கே என்று ஒரு வரி இல்லையே. இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று நான் எதை வைத்து நம்புவது?"

சொல்ல முடியாது, ஆய்வு நெறி அனுமதிக்காது என்றால் முடிந்தது. என் பேராசிரியை அதைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டார். நான் சும்மா இருந்தேனா? இட்டுக்கட்டி எழுதியவன் என்று நினைத்துவிடுவாரோ என்று ரோஷம் வந்துவிட்டது. மடிக்கணினியில் வரைபடத்தைத் திறந்தேன். ப்ரொஜெக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மறந்துவிட்டேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. திரை முழுக்கத் திருப்பூர் விரிந்தது, நடுவே சிவப்புப் புள்ளி, கீழே இடத்தின் பெயர். இங்கே நிற்பார்கள், இந்த வழியாக நடப்பார்கள் என்று குச்சியை வைத்து விளக்கினேன். அரங்கில் யாரோ, "அட, நம்ம ஏரியா!" என்றார்கள். ஒரே சிரிப்பு. நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன.

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை டாக்டர் என்று அறிவித்துக் கைதட்டியபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி சொல்லியிருந்தேன். அவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அந்தப் படம் ஊர் வாட்சப் குழுக்களில் சுற்றியது. 'டாக்டர் பட்டம் கொடுக்கும் இடம்' என்று அதற்குத் தலைப்பு வேறு.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மரத்தடியில் ஈ காக்கை இல்லை. அவர் மட்டும் சுவரில் உட்கார்ந்திருந்தார், ரோட்டைப் பார்த்தபடி. யார் கண்ணுக்கும் தப்பாத இடம்.

"வாங்க கண்ணு. டாக்டராயிட்டீங்க."

ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. "தப்புப் பண்ணிட்டேண்ணே" என்றேன். "நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க, போயிரலாம்."

"போயிட்டா வர்றவங்களுக்கு யாருங்க சொல்றது? யாரு பேரு தெரியும், யாரு நம்பரு இருக்குது நம்மகிட்ட? வந்தாத்தானுங்க சொல்ல முடியும். காலைல ஏழு மணிக்கு வந்தேன். பதினோரு பேத்தத் திருப்பி அனுப்பிட்டேன். போலீஸ் வண்டி ரெண்டு தடவ வந்துட்டுப் போச்சு."

"யாராவது உங்களைப் படம் புடிச்சா என்னண்ணே பண்ணுவீங்க?"

"புடிச்சுட்டாங்க. ஒம்போது மணிக்கு மூணு பசங்க வந்தானுக. ஆளுக இருக்கறாங்களான்னு பாத்தானுக, யாருமில்ல. என்னைய எடுத்துட்டுப் போயிட்டானுக." மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். கை மட்டும் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. எனக்கு அவர் மகள் ஞாபகம் வந்தது, மாமனார் ஞாபகம் வந்தது.

"நீங்களும் இனி இங்க வராதீங்க கண்ணு" என்றார்.

"நான் ஆராய்ச்சிக்குத்தானேண்ணே வந்தேன்."

"ஆராய்ச்சிதான் முடிஞ்சு போச்சுங்களே. இன்னிக்கு எதுக்குங்க வந்தீங்க?"

உங்களைப் பார்க்கத்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பாதிதான் உண்மை.

"நீங்க ஊட்டுக்குப் போங்கண்ணே" என்றேன், அவர் பேச்சிலேயே. "மிச்ச ஆளுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். அடுத்த வாரமும் வர்றேன்."

அவர் சுவரிலிருந்து இறங்கி, வேட்டியைத் தட்டிவிட்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் வரும் பக்கம் நடந்தார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஆறு வருடம் ஆகிறது. அவர் கம்பெனியின் பெயர்கூட எனக்குத் தெரியாது, தேடவும் வழியில்லை.

அவர் இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் இருக்கும், நாற்பது வயதுக்காரர் ஒருவர் கையில் பையோடு மரத்தடிக்கு வந்தார். எழுந்து போய், "இடம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுங்க, இனி வராதீங்க" என்றேன். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"நீங்க போலீஸா? பேப்பர்காரரா?"

ஆராய்ச்சி மாணவன் என்று வாய் வரை வந்துவிட்டது.

"இல்லீங்க. நானும் இங்க வர்றவன்தான்" என்றேன்.

அதைக் கேட்ட பிறகுதான் அவர் நம்பினார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்.